கூப்பிடச் சொல் இல்லாத உறவு

என் மனைவியின் முதற் கணவருடைய தாயாரை எப்படி அழைப்பது என்று தெரியாமல், பல வருடங்களாக அவரை எந்தச் சொல்லாலும் அழைக்காமலேயே சமாளித்தேன். அவரிடம் ஏதும் சொல்ல வேண்டியிருந்தால், அவர் என் பக்கம் திரும்பும் வரை அருகில் போய் நிற்பேன், அல்லது தொண்டையைச் செருமுவேன். என் மனைவி அவரை மாமி என்று அழைத்தாள். அந்தச் சொல்லை நானும் எடுத்துக்கொண்டிருக்கலாம். தெருவில் எதிர்ப்படும் மூத்த பெண் எவரையும் எங்கள் ஊரில் மாமி என்று அழைப்பதுண்டு. ஆனால் அவள் வாயில் அந்தச் சொல்லுக்குக் கணவனின் தாய் என்று பொருள் இருந்தது. என் வாயிலோ அது வெறும் மரியாதைச் சொல்லாகத்தான் இருந்திருக்கும். ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவுகளுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கும் நமது மொழியில், மனைவியின் முந்தைய கணவரைப் பெற்றவருக்கு ஒரு பெயர் இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

நான் இலங்கையின் மட்டக்களப்பில், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்து வளர்ந்தவன். கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து மண்முனைத் துறைக்கு வந்து, பாதையில் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வேலைக்கு வந்து போனவன். (ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்குத்தான் எங்கள் பகுதியில் பாதை என்று பெயர், மண்முனைப் பாலம் 2014 இல்தான் திறக்கப்பட்டது.) யுத்த காலத்தில் கல்யாணம் தள்ளிப் போய், 34 வயதில், 2009 ஆவணியில், அரச அலுவலகத்தில் என்னோடு வேலை செய்த ஒருவர் ஒழுங்கு செய்த சம்பந்தத்தின்படி அவளை மணந்தேன். அவளுக்கு எட்டு வயதில் ஒரு மகன் இருந்தான். எங்கள் பகுதி வழமைப்படி ஆண்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே ஒரு சூட்கேசும் ஒரு மேசை விசிறியுமாகத் திராய்மடுவில் இருந்த அவளுடைய வீட்டுக்குக் குடிபோனேன்.

அவளுக்குச் சீதனமாகக் கிடைத்த வீடு நாவலடியில் இருந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினத்தன்று, கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருந்த அந்த மணல்திட்டில் எழுந்த வீடுகளோடு அதுவும் போயிற்று. அன்று காலை அவளும் மூன்று வயதுப் பிள்ளையும் மாமியும் ஊறணியில் ஒரு உறவினர் வீட்டில் இருந்ததால் தப்பினார்கள். வலையைச் சரிபார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் தங்கிய கணவர் திரும்பவில்லை. அந்த இரண்டு பெண்களும் இரண்டு வாரங்கள் வைத்தியசாலை, பாடசாலைகள், கோயில் மண்டபங்கள் என்று கால்நடையாகத் தேடினார்கள், சடலம் கிடைக்கவில்லை. சடலம் கிடைக்காதவர்களின் மரணத்தைப் பதிவுசெய்ய வழிவகுத்த 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க சுனாமி (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் அவருக்கான மரணச் சான்றிதழ் பெறப்பட்டது. அந்தப் படிவத்தில் மனைவியின் கையெழுத்துக்குக் கீழே தன் பெருவிரல் அடையாளத்தை இட மாமி மூன்று முறை மறுத்தார் என்று பின்னாளில் அறிந்தேன். அதன் பிறகு கூடாரத்திலும், தகரக் கொட்டிலிலும், கடைசியில் திராய்மடுவில் கிடைத்த வீடுகளிலுமாக அவர்கள் சேர்ந்தே வாழ்ந்தார்கள். சிறுவயதிலேயே தாயை இழந்தவளுக்கு அவர் தாயாகவும், மகனை இழந்தவருக்கு இவள் மகளாகவும் ஆகியிருந்ததை, வெளியிலிருந்து வந்த நான் ஒரு குடும்பத் தகவலாக மட்டுமே கேட்டு வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி மாமியின் வீடு இருந்தது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அவள் ஒரு சிறிய சட்டியில் ஆணமோ பொரியலோ எடுத்துக்கொண்டு அங்கே போவாள். இருட்டிவிடும் என்ற சாட்டில் நானும் உடன் போய், உள்ளே நுழையாமல், நிழல் தரும் வயதை இன்னும் எட்டாத ஒரு வேப்பங்கன்றின் பக்கத்தில் படலைக்கு வெளியே நிற்பேன். அவள் உள்ளே இருந்த நேரத்தைக் கைக்கடிகாரத்தில் கணக்குப் பார்ப்பேன். சில நாட்களில் 25 நிமிடம், சில நாட்களில் 40. வீட்டுக்கு வந்ததும் நான் கதைக்காமல் இருக்கும் நேரமும் ஏறத்தாழ அதே அளவில் இருக்கும். ஒரு நாள் கிடுகு வேலிக்கு அப்பால் அவள் சிரிப்பது கேட்டது. மூச்சு முட்டி, இடையில் நின்று, மறுபடி தொடங்கும் ஒரு சிரிப்பு அது. திருமணமாகி ஏழு மாதங்களாகியும் அந்தச் சிரிப்பை என் வீட்டில் நான் கேட்டதில்லை. இறந்தவரைப் பற்றிய ஏதோ ஒரு பகிடிக்காகத்தான் அந்தச் சிரிப்பு என்று தெரிந்தபோது, நான் ஒரு மனிதனோடு போட்டியிடுகிறேன் என்பதும், அவர் இனிமேல் தவறே செய்யமாட்டார் என்பதும் ஒன்றாக உறைத்தன.

அந்தக் காலத்தில் நான் செய்த மிகக் கீழ்த்தரமான காரியம், முன்விறாந்தையில் மாட்டியிருந்த அவருடைய படத்தை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னதுதான். அதை நேராகச் சொல்லவும் எனக்குத் துணிவு வரவில்லை; அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தால் என்ன நினைப்பார்கள் என்று சொன்னேன். அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றி, சேலை முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, அறைக்குள் கொண்டுபோனாள். சுவரில், சுற்றியிருந்த சுண்ணாம்பை விட வெளிறிய ஒரு சதுரம் மிஞ்சியது. படம் இருந்தபோது அதை ஒரு நாளைக்கு இரண்டு முறை பார்த்திருப்பேன். அந்த வெற்றுச் சதுரத்தையோ சாப்பிடும்போதும் பேப்பர் வாசிக்கும்போதும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் ஒருவரை மறுமணம் செய்துகொண்டிருந்தால், அவருடைய பழைய வாழ்வின் பொருட்களை அகற்றச் சொல்லும் முன் இதை யோசித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன்: அகற்றிய பொருளின் இடம் அங்கேயேதான் இருக்கும், அதோடு அகற்றச் சொன்னவர் நீங்கள் என்பதும் சேர்ந்து இருக்கும்.

மாற்றம் என் முயற்சியால் வரவில்லை. மாமிதான் ஒரு நாள் படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்து, "வெளிய என்னத்துக்கு மனே காவக்காரன் மாதிரி நிக்கிறாய்? உள்ள வந்து இரி" என்றார். குசினி வாசலில் ஒரு பலகையைப் போட்டு என்னை இருத்திவிட்டு, இருவரும் தங்கள் கதையைத் தொடர்ந்தார்கள். அவள் திருவலையில் இருந்து தேங்காய் துருவ, மாமி கீளி மீனை வெட்டினார். கதையெல்லாம் யாருடைய மகள் யாரோடு போனாள், இந்த முறை தயிர்ச்சட்டி என்ன விலை, கரைவலைக்கு என்ன பட்டது என்ற அளவில்தான் இருந்தது. வெளியே நின்று ஏழு மாதங்களாக நான் கற்பனை செய்திருந்த கண்ணீரும் இரகசியமும் அங்கே இல்லை. இறந்தவர் இடையிடையே வந்தார். ஆனால் மீன் முள்ளைச் சரியாக எடுக்கத் தெரியாதவராக, வெள்ளிக்கிழமைகளில் மச்சம் இல்லாவிட்டால் முகத்தை நீட்டிக்கொண்டு இருப்பவராக, சைக்கிளை விட்டு விழுந்துவிட்டு நாயைக் குற்றம் சாட்டுபவராக வந்தார். அந்த நாய்க் கதைக்குத்தான் அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதை அன்று கண்டேன். அவள் சிரித்தபோது மாமியும் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகுதான், அந்த நிமிடத்தில் நான் எதையும் அளந்துகொண்டிருக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

இந்த உணர்வுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதைப் பல வருடங்கள் கழித்து ஒரு கட்டுரையில் வாசித்தேன். 1971 முதல் 1991 வரை அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இயங்கிய கெரிஸ்டா என்ற கூட்டுவாழ்வுக் குழுவினர், தன் துணை வேறொருவரை நேசித்து மகிழ்வதைக் கண்டு தனக்கும் வரும் மகிழ்ச்சியைக் குறிக்கக் கம்பெர்ஷன் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தார்களாம். ஒரே நேரத்தில், ஒருவருக்கொருவர் தெரிந்தே, பலரோடு காதல் உறவு கொண்டவர்கள் அவர்கள். எங்கள் வீட்டு நிலைமை வேறு. என்றாலும், பொறாமை இருந்த அதே இடத்தில் அதற்கு நேர்மாறான ஒன்று முளைப்பதை அந்தச் சொல் குறிக்கிறது என்று வாசித்தபோது, குசினி வாசல் பலகைதான் என் நினைவுக்கு வந்தது. பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வதற்கு முதிதை என்று பௌத்தத்தில் ஒரு சொல் உண்டு. மணிமேகலையின் கடைசிக் காதையிலேயே அது வருகிறது. ஆனால் முதிதை அயலவரின் நன்மையைக் கண்டு மகிழ்வதையும் உள்ளடக்கும் பரந்த சொல். தன் துணையின் அன்பு இன்னொருவரிடம் போவதைக் கண்டு மகிழ்வது அதைவிடக் கடினமானது, ஏனென்றால் அங்கே இழந்துவிடுவோம் என்று நாம் அஞ்சும் பொருள் நம்முடையது என்று நினைக்கிறோம்.

என் அச்சம் எதைப் பற்றியது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு நாள் எடுத்தது. 2012 இல் மாமி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வைத்தியசாலையில் கிடந்தபோது, அவள் 11 நாட்கள் இரவும் பகலும் அங்கேயே நின்றாள். கடைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு வயதைத் தாண்டியிருந்த எங்கள் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, பழைய கோபம் முழுவதும் திரும்பி வந்த நிலையில் நான் வீட்டில் இருந்தேன். ஒன்பதாவது நாள் அவள் உடுப்பு எடுக்க வந்தபோது, "நான் விழுந்தாலும் இப்படிப் பார்ப்பாயா?" என்று கேட்டுவிட்டேன். சண்டைக்காகத்தான் கேட்டேன். அவள் உடுப்பை மடித்துக்கொண்டே, "ஓம்" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல்லில் கோபமோ சமாதானமோ இருக்கவில்லை. அன்று இரவு படுத்திருக்கும்போது தான் புரிந்தது: அவள் மாமியை நேசிப்பது என்னைத் தொடவே இல்லை, என்னைத் தொட்டது என் இடம். வீடு அவளுடையது, காணி அவளுடையது, சுவரில் இருந்த ஆணி கூட எனக்கு முன்னரே அடிக்கப்பட்டது. சுனாமிக்குப் பின் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகள் பல குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆண்களுக்கு எழுதப்பட்டன. தாயிடமிருந்து மகளுக்கு வீடு போகும் எங்கள் வழமைக்கு அது பெரிய கேடு என்பதை நான் பொதுவாக ஏற்றுக்கொள்பவன். ஆயினும், விதவையாக அவள் பெயருக்கே எழுதப்பட்ட ஒரு வீட்டுக்குள் மாப்பிள்ளையாகப் போனபோது, எனக்கென்று அங்கே இருந்த ஒரே சொத்து கணவன் என்ற இடம் மட்டும்தான் என்று உள்ளூர நினைத்திருக்கிறேன். பொறாமைப்படுபவர்கள் பலர் எதிராளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் காலடியில் எந்தப் பலகை ஆடுகிறது என்று குனிந்து பார்ப்பது அதிக பயன் தரும்.

பலகை எது என்று தெரிந்த பிறகு அதற்குச் செய்ய வேண்டியவை சாதாரணமான காரியங்களாகவே இருந்தன. மாமிக்கு எவ்வளவு செலவழிகிறது என்பதை அவளும் நானும் மாத ஆரம்பத்திலேயே பேசி, 5,000 ரூபாவை ஒதுக்கி, கொப்பியில் எழுதி வைத்தோம். மறைவாகப் போவதாக நான் நினைத்த பணம், எழுதிப் பார்த்தபோது நான் எண்ணியிருந்ததில் பாதிகூட இல்லை. ஞாயிறு பின்னேரம் எங்கள் இருவருக்கும் என்று வைத்துக்கொண்டோம். அவளால் பல வருடங்கள் கடற்கரைக்கு வர முடியவில்லை. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் சாய்ந்த கோபுரத்தைத் தூரத்தில் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆகவே வாவிக் கரையோரமாகவே நடப்போம். மனதில் எரிச்சல் எழும் நாட்களில், அதை அவளுடைய குற்றமாக மாற்றாமல், "இன்றைக்கு எனக்குப் பொறாமையாக இருக்கிறது" என்று நேரே சொல்லப் பழகினேன். முதல் முறை சொன்னபோது வெட்கத்தால் காது சூடாகியது. அவள் எதையும் திருத்த முயலாமல், அன்று இரவு எனக்குப் பிட்டும் இறால் சொதியும் வைத்தாள். அது போதுமாயிருந்தது.

படத்தை நானே திரும்ப மாட்டினேன். ஆணி கோணலாகப் போய், இன்றும் படம் சற்று இடப்பக்கம் சரிந்தே நிற்கிறது.

எங்களுக்கு நடுவே இருந்த பெயர்ச் சிக்கலைத் தீர்த்தவள் மகள். கல்யாணமான புதிதிலேயே, மகன் என்னைச் சித்தப்பா என்று அழைக்கட்டும் என்று மாமி சொல்லியிருந்தார். அப்பா என்ற சொல்லை வாங்கவும் வேண்டாம், மாமா என்று தள்ளவும் வேண்டாம் என்பது அவருடைய கணிப்பு. மகள் பேசத் தொடங்கியபோது, அண்ணனைப் பார்த்து அவளும் மாமியை அப்பம்மா என்றே அழைத்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் திருத்தவும் இல்லை. நான்கு வயதில் ஒரு நாள் படத்தைக் காட்டி, "அண்ணாட அப்பா எனக்கு ஆர்?" என்று கேட்டாள். நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாக்கு வெட்டிக்கொண்டிருந்த மாமி தலை நிமிராமலே, "உனக்குப் பெரியப்பா மனே, வேற ஆர்?" என்றார்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது சரியாகத்தான் இருந்தது. அவனுக்கு நான் சித்தப்பா என்றால், அவனுடைய அப்பா எனக்கு அண்ணன். அவர் என் மகளுக்குப் பெரியப்பா. அப்படியானால் பாக்கு வெட்டிக்கொண்டிருக்கும் இந்த மனுசி எனக்கு யார் என்பதும் தானாக வந்துவிடுகிறது. அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது, "போயிற்று வாறன் அம்மா" என்றேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு வரும்போது பழப்புளி வாங்கி வரச் சொன்னார். ஒருவரோடு போட்டியிடுவதற்கும் அவருக்குத் தம்பியாக இருப்பதற்கும் நடுவே ஒரு சொல்தான் இருந்தது. இறந்தவரின் குறும்புகளை அவள் சொல்லும்போது, அதற்குப் பிறகு நான் என் அண்ணனின் கதையைத்தான் கேட்டேன். இன்னும் சொல்லச் சொல்லி நானே கேட்கும் நாட்களும் வந்தன. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டியிருந்தது: அளந்து பார்க்கக் கேட்கும் கேள்வியும், தெரிந்துகொள்ளக் கேட்கும் கேள்வியும் ஒரே சொற்களில் அமைந்தாலும், கேட்கப்படுபவருக்கு வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். "அவர் உன்னை எங்கெல்லாம் கூட்டிக்கொண்டு போவார்?" என்று நான் முன்னர் கேட்டதற்கு அவள் மௌனமாகிவிட்டாள். பிறகு அதே கேள்வியைக் கேட்டபோது, மாமாங்கத் திருவிழாவில் காணாமற்போய்த் தேடிய கதையை அரைமணி நேரம் சொன்னாள்.

இந்த விடயத்தில் ஒரு குழி உண்டு, அதிலும் விழுந்திருக்கிறேன். நண்பர்கள் நான்கு பேர் கூடும் இடத்தில், நான் எவ்வளவு விரிந்த மனம் உள்ளவன் என்பதற்குச் சாட்சியாக மாமியின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவள் அன்பு செய்வதற்கு நான் பாராட்டு வாங்கினேன். அது அவள் காதுக்குப் போனபோது, படத்தைக் கழற்றச் சொன்ன நாளை விட அதிகம் கோபப்பட்டாள். அவளுடைய கோபம் நியாயமானது. நான் அனுமதி கொடுத்ததால் அவள் நேசிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். துணையின் இன்னொரு அன்பில் மகிழ்ச்சி காண்பது பற்றி எழுதினால், அதை எடுத்துக்கொண்டு பெண்களுக்குப் பொறுமை போதிக்க ஒரு கூட்டம் வரும். வெளியே இன்னொரு குடும்பத்தை மறைத்து வைத்துக்கொண்டு, அது தெரியவந்ததும் "நீ கொஞ்சம் பெரிய மனசு வை" என்று மனைவியிடம் சொல்லும் ஆண்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். நான் எழுதுவது அவர்களுக்கு உதவாது. என் வீட்டில் எதுவும் ஒளிக்கப்படவில்லை, சட்டி எங்கே போகிறது என்பது முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும், எனக்குரிய எதுவும் பறிக்கப்படவும் இல்லை. பொய்யின் மேல் நிற்கும் ஒரு உறவைக் கண்டு வரும் வேதனை பொறாமை அல்ல, அதை விரட்டப் பயிற்சியும் தேவையில்லை.

மகன் சிறுவனாக இருந்தபோதிருந்தே ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்தில் தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்து வந்தான். முதல் சில வருடங்கள் நான் அலுவலகம் இருக்கிறது என்று நழுவினேன். உள்ளே வந்து இருக்கப் பழகிய பின்னர் உடன் போவேன். ஆனால் பக்கத்தில் போய் நிற்கமாட்டேன். அந்த இடம் பிள்ளைக்கும் தாய்க்கும் உரியது. நான் பின்னால் நின்று குடையையும் செருப்புகளையும் வைத்துக்கொண்டிருப்பேன். அழைக்கப்படாத இடத்துக்குள் அன்பின் பெயரால் நுழைவதும் ஒரு வகைப் பொறாமைதான் என்பது என் எண்ணம்.

2023 இல் மகன் வேலைக்காகக் கட்டாருக்குப் போனான். அந்த ஆடி அமாவாசைக்கு முன்தினம் இரவு தொலைபேசியில், இந்த முறை அப்பாவுக்கு யார் செய்வது என்று கேட்டான். அப்போது கட்டிலோடு இருந்த மாமியிடம் கேட்டேன். அவர் என்னைச் சற்று வியப்போடு பார்த்து, "ஏன், தம்பிக்காரன் குடுத்தா ஆகாதா?" என்றார். காலையில் காத்தோட்டிக்காயும் மற்ற மரக்கறிகளும் வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டு, விரதத்தோடு நானும் மனைவியும் மகளும் போனோம். தீர்த்தக் கரையில் சனம் நெரிந்தது. வெயில் ஏறியிருந்தது, தண்ணீர் கலங்கிக் கிடந்தது. என் முறை வந்ததும் குருக்கள் எள்ளையும் தர்ப்பையையும் எடுத்து வைத்துக்கொண்டு, யாருக்கு என்று கேட்டார். அண்ணருக்கு என்றேன். பெயரைக் கேட்டார், சொன்னேன். நட்சத்திரம் என்ன என்று கேட்டார். இத்தனை வருடங்களில் அதை மட்டும் நான் கேட்டு வைத்திருக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். கையில் என் செருப்புகளோடு நின்ற அவள், என் தோளுக்கு மேலாகக் குனிந்து, "அனுசம்" என்றாள்.